350 முறை ஒலித்த தேவாலய மணிகள்: அதன் பிறகு என்ன நடந்தது?

2009 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. ஐ.நா.வின் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த கோபன்ஹேகன் நகரில் பிற்பகல் 3 மணிக்குத் தேவாலய மணிகள் ஒலிக்கத் தொடங்கின. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் அழைப்பை ஏற்று, வேறு பல நாடுகளின் தேவாலயங்களும் அன்று அவரவர் நேரப்படி மணியடித்தன. மணி இல்லாத இடங்களில் சங்கோ முரசோ ஒலிக்கலாம் என்று அந்த அழைப்பு கூறியது. எண்ணிக்கை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: 350.

ஏன் 350? காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் கரியமில வாயு 350-க்கு மேல் போகக் கூடாது என்பது ஜேம்ஸ் ஹேன்சன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் வகுத்த எல்லை. மணி ஒலித்த அந்த ஆண்டிலேயே அது 387 அளவில் இருந்தது. அதே நாளில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, காலநிலை நீதி கோரும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களை ஐ.நா. அதிகாரியிடம் ஒப்படைத்தார்.

ஆனால் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத ஓர் உடன்பாட்டுடன் மாநாடு முடிந்தது. இன்று அந்த அளவு 420-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் மணியடித்ததில் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

ஆனாலும் அதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட நாம் தயாராக இல்லை. தீ பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் ஊரை எழுப்ப ஐரோப்பாவில் அடிக்கப்பட்டது தேவாலய மணிதான். மக்களுக்குப் பழகிய மொழியில் கொடுத்த எச்சரிக்கை அது. அதே ஆண்டு அக்டோபரில் மாலத்தீவு அதிபர் முஹம்மத் நஷீத் தம் அமைச்சர்களுடன் கடலுக்கு அடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தியதும் இதே நோக்கத்தில்தான். நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத நாடு அது. தன் அச்சத்தை உலகுக்குக் காட்ட அதற்கு வேறு என்ன வழி இருந்தது?

அடையாளச் செயலைச் செய்தவர் அதன் பிறகு தம்மை எதற்குக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்பதே உண்மையான உரைகல். மணியடிக்கச் சொன்ன அதே மன்றம், 2014-ல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் தன் பணத்தை முதலீடு செய்வதில்லை என்று முடிவெடுத்தது. இங்கிலாந்து திருச்சபை 2030-க்குள் தன் கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்ஜியமாக்க 2020-ல் தீர்மானித்தது. சுமார் 1,000 கோடி பவுண்டு நிதியை நிர்வகிக்கும் அதன் ஆணையம், ஷெல், பிபி உள்ளிட்ட எண்ணெய் நிறுவனங்களை விலக்குவதாக 2023-ல்தான் அறிவித்தது. மணி ஒலித்து ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. கயிற்றை இழுக்க ஒரு நாள் போதும். கஜானாவைத் திறந்து கணக்குப் பார்க்க இத்தனை காலம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தத் தாமதத்தைச் சுட்டிக்காட்டும் நாம், நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் காலநிலை குறித்த இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டனர். எண்ணெய் வளம் மிக்க நாடுகள் முன்னின்று வழிகாட்ட வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டனர். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் கூரையில் இன்று 500 சூரிய ஒளித் தகடுகள் உள்ளன. உளூ செய்த தண்ணீரும் அங்கே மறுசுழற்சி செய்யப்படுகிறது. பிரகடனம் செயலாக மாறியதற்கு நம்மிடமும் முன்மாதிரி உண்டு. ஆனால் அப்படிப்பட்ட பள்ளிவாசல்கள் எத்தனை?

தேவாலய மணி கிறிஸ்தவர்களை அழைக்க அடிக்கப்படுவது. ஆனால் அன்று அது சொன்ன செய்தி அவர்களுக்கு மட்டுமானதல்ல. உயரும் கடல், கரையில் நிற்பவர் எந்த மதம் என்று கேட்பதில்லை. நம் மஹல்லாவின் மின்கட்டணச் சீட்டையும் உளூ செய்யும் இடத்துக் குழாயையும் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பேசுபொருளாக்கினால், அதுவே நம் முதல் மணியோசையாக இருக்கட்டும்.