டிரைவர் திருடன் என்றால் நாம் யார்?

ஜெய்ப்பூரில் ஒரு கம்பளக் கடை வாசலில் வைத்து என் சித்தப்பா எங்கள் கார் டிரைவரைப் பார்த்து "திருட்டுப் பய" என்றார். தமிழில்தான் சொன்னார். இருந்தாலும் அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நடந்தது இதுதான். கடையில் 14,000 ரூபாய்க்கு ஒரு கம்பளம் வாங்கினோம். காரில் ஏறிய பிறகு கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டதாக ஞாபகம் வந்து சித்தப்பா திரும்பிப் போனார். அங்கே கடைக்காரர் எங்கள் டிரைவர் கையில் நோட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அங்கிருந்து டெல்லி வரும்வரை காரில் யாரும் அவரோடு பேசவில்லை. ஐந்து நாள் முடிந்து இறங்கும்போது டிப்ஸும் கிடையாது. "அதான் கமிஷன் அடிச்சிட்டானே, இன்னும் எதுக்கு?" என்றார் சித்தப்பா. அப்பாவும் தலையாட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வாயை மூடியது தப்பு. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் டூர் பற்றி. டெல்லியில் ஏறி ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, பரத்பூர், ரந்தம்பூர், ஜெய்ப்பூர், மறுபடி டெல்லி. "தனி கார், டிரைவர், எல்லாம் உட்பட" என்று விற்கிறார்களே, அந்த ரகம். இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த வழியில்தான் போகிறார்களோ என்று தோன்றும் அளவுக்கு எங்கே பார்த்தாலும் இதே மாதிரி வெள்ளை இன்னோவாக்கள். ஏஜென்டுகள் ஐந்தாறு பேரிடம் விலை கேட்டு, அதில் இருப்பதிலேயே மலிவானதை எடுத்தது யார்? அதே சித்தப்பாதான். "எப்படிப் பேசி இறக்கினேன் பாத்தியா" என்று ஊரெல்லாம் சொன்னார்.

நான் பி.காம் படிக்கிறேன். எனக்குத் தெரிந்தது டெபிட்டும் கிரெடிட்டும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வாருங்கள். எண்களைத் தோராயமாகத்தான் வைத்துக்கொள்கிறேன், உங்கள் ஏஜென்ட் சொன்ன விலையைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து நாளைக்கு காருக்கு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஓட்டம் உள்ளூர் சுற்றலையும் சேர்த்து 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றால் 9,000 போச்சு. யமுனா எக்ஸ்பிரஸ்வே தொடங்கி வழிநெடுக டோல், பர்மிட், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 2,500 போட்டால் மிச்சம் 6,500. ஒரு நாளைக்கு 1,300 ரூபாய். இந்த 1,300-ல்தான் காரின் மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், ஏஜென்டின் பங்கு, கார் ஓனரின் லாபம் எல்லாம் வர வேண்டும்.

சரி, டிரைவர் சம்பளம் எங்கே?

அதுதான் கம்பளக் கடையில் இருக்கிறது. ஆக்ராவில் பச்சிகாரி வேலை செய்த பளிங்கு மேஜை விற்கும் கடையில் இருக்கிறது. ஜெய்ப்பூரில் ரத்தினக்கல் விற்கும் கடையில் இருக்கிறது. நாம் பேசி இறக்கிய பணம் எங்கேயும் காணாமல் போகவில்லை. வேறு கவுண்டரில் நம்மிடமே வசூலிக்கப்படுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஏஜென்டுக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். "சம்பளம் கம்மிதான், ஆனா மேல வரும்ல" என்று சொல்லித்தான் ஆளையே வேலைக்கு எடுக்கிறார்கள். தெரியாதது நமக்கு மட்டும்தான். உண்மையைச் சொன்னால் நமக்கும் தெரியும், யோசிக்கப் பிடிக்கவில்லை.

இதில் நமக்கு நஷ்டம் வெறும் பணம் மட்டுமில்லை. ஜெய்ப்பூரில் எங்களுக்கு ஒரு பகல்தான் இருந்தது. அதில் இரண்டரை மணி நேரம் கம்பளக் கடையில் டீ குடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜந்தர் மந்தர் போக நேரமில்லாமல் போய்விட்டது. 1727-ல் ஜெய்ப்பூர் நகரத்தை உருவாக்கிய அதே சவாய் ஜெய்சிங் கட்டிய வானியல் கூடம் அது. அங்கே இருக்கும் சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமான சூரியக் கடிகாரம், 2 விநாடி துல்லியத்தில் நேரம் காட்டும் என்று படித்துவிட்டு ஆசையோடு போனவன் நான். மதில் சுவரைத்தான் பார்த்தேன். யுனெஸ்கோ 2010-ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடத்தை விட்டுவிட்டு, வீட்டில் விரிக்க இடமில்லாத ஒரு கம்பளத்தை வாங்கி வந்திருக்கிறோம். இன்னும் பரணில் சுருட்டித்தான் கிடக்கிறது.

அப்படியென்றால் டிரைவர் செய்தது சரியா என்று கேட்பீர்கள். சரி என்று சொல்லவில்லை. மறைத்து வாங்கும் கமிஷன் தப்புதான். பிசினஸ் லா பேப்பரில் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் படித்திருப்போம். ஏஜென்ட் என்பவன் தன் முதல்வருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது பிரிவு 213. முதல்வருக்குத் தெரியாமல் அந்த வேலையில் தனக்கென்று வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை முதல்வர் கேட்டு வாங்கலாம் என்கிறது பிரிவு 216. டிரைவர் நமக்கு ஏஜென்டே இல்லை, வண்டி ஓட்டுகிறவர்தான் என்று வக்கீல்கள் வாதாடலாம். இருக்கட்டும். இந்த நியாயம் யாருக்காவது பொருந்தும் என்றால், நம்மிடம் "எல்லாம் உட்பட" என்று பில் போட்டுக் கொடுத்தவருக்குத்தான் முதலில் பொருந்த வேண்டும். அவரை யாராவது திருடன் என்றோமா? "சார், சார்" என்றுதானே போனில் பேசினோம்?

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

ரந்தம்பூரில் காலை சஃபாரிக்காக விடியும் முன்பே எழுந்து கீழே வந்தேன். டிசம்பர் மாதம். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். ஹோட்டல் பார்க்கிங்கில் எங்கள் காரின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் பனி படிந்து வெள்ளையாக இருந்தன. உள்ளே முன்சீட்டைச் சாய்த்துப் போட்டு, தலைவரை கம்பளி மூடி டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் "ரூம் இல்லையா பையா?" என்று கேட்டேன். "இந்த ஹோட்டலில் டிரைவர்களுக்கு இடம் இல்லை. வெளியே எடுத்தால் என் கைக்காசு போகும்" என்றார். பாத்ரூம்? பக்கத்து பெட்ரோல் பங்க்.

முந்தின நாள் காலை ஏழு மணிக்கு ஆக்ராவில் ஏறிய ஆள். ஃபதேபூர் சிக்ரி, பரத்பூர் என்று நிறுத்தி நிறுத்தி இரவு ஒன்பதரைக்குத்தான் எங்களை இறக்கினார். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. ஐந்து பேராவது வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒரு கார், ஒரு ஓனர் என்று ஓடியவர்களுக்கு அதுவும் இருந்ததில்லை. அப்படிச் சரியாகத் தூங்காத ஆளின் கையில்தான் நாங்கள் ஆறு பேரும் உயிரைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் குறட்டை விட்டோம். கமிஷன் கணக்கு பார்த்த சித்தப்பா இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

காட்டுக்குள்ளேயும் இதே கதைதான் மக்களே. ரந்தம்பூரில் சஃபாரிக்கு நம் கார் உள்ளே போக முடியாது. 6 பேர் உட்காரும் ஜிப்ஸி அல்லது 20 பேர் உட்காரும் கேன்டர். உள்ளே போனதும் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி, "புலி வருமா?" புலி காட்டினால் டிப்ஸ். காட்டாவிட்டால் உர்ரென்ற முகம். அப்புறம் எங்கேயோ புலி தெரிந்தது என்று தகவல் வந்ததும் வண்டிகள் எல்லாம் குழியிலும் புழுதியிலும் பறக்காமல் என்ன செய்யும்? பத்து ஜிப்ஸி சுற்றி நின்றால் புலி என்ன நினைக்கும் என்று யார் கவலைப்பட்டார்கள்? கைடையும் டிரைவரையும் குற்றம் சொல்வது சுலபம். அவர்களுக்குக் கிடைக்கிற காசை நாம்தானே புலியின் வாலில் கட்டி வைத்திருக்கிறோம்.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளித்தான் சரிஸ்கா. 2005-ல் அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை என்று உறுதியானது. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள். அதுவரை அரசாங்கக் கணக்கில் புலிகள் இருந்தன! ஸ்டாக் ரிஜிஸ்டரில் சரக்கு இருக்கிறது, குடோனில் இல்லை. 2008-ல் ரந்தம்பூரிலிருந்துதான் புலிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். கணக்கை மறைத்தால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்த காஸ்டிங் புத்தகத்திலும் இல்லை.

ஒழுங்காக நடத்தவே முடியாதா என்றால், அதே வழியில் பரத்பூர் இருக்கிறது. கேவலாதேவ் தேசியப் பூங்கா, சுமார் 29 சதுர கிலோமீட்டர். அங்கே சைக்கிள் ரிக்ஷாவில் போகிறோம். ரிக்ஷாக்காரர்களுக்குப் பறவைகளைப் பற்றிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம். எங்கள் ரிக்ஷாக்காரர் எந்தக் கடைக்கும் கூட்டிப்போகவில்லை. எந்தப் பறவை வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அதே கூலி. அதனாலோ என்னவோ, அவசரமே இல்லாமல் வண்டியை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஒரு மரத்தில் கூடு கட்டியிருந்த நாரைகளை அரை மணி நேரம் பார்த்தோம். மொத்த டூரில் எனக்கு நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

தாஜ்மஹாலில்கூடப் பாருங்கள். 2018-ல் கட்டணத்தை ஏற்றினார்கள். இந்தியருக்கு 50, வெளிநாட்டவருக்கு 1,100, கல்லறை மேடைக்குப் போக எல்லோருக்கும் தனியாக 200. இந்த வித்தியாசம் நியாயமா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். யாரும் திருடன் இல்லை.

"கமிஷன் இல்லாத தொழில் எது? இன்சூரன்ஸில் இல்லையா, வீட்டு புரோக்கரிடம் இல்லையா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். இருக்கிறது. ஆனால் வீட்டு புரோக்கர் ஒரு மாத வாடகை என்று முதலிலேயே சொல்கிறார். சொல்லிவிட்டு வாங்குவது கூலி. சொல்லாமல் வாங்கவைப்பதுதான் பிரச்சினை. "சம்பளத்தைவிட கமிஷனில் அவர்களுக்கு நிறைய வருகிறது, நிறுத்தினால் அவர்களே சண்டைக்கு வருவார்கள்" என்றும் சொல்கிறார்கள். நல்ல சீசனில் நல்ல கட்சி மாட்டினால் வரும். ஒன்றுமே வாங்காத குடும்பம் ஏறினால்? அந்த வாரம் அவர் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள்? நம் ஷாப்பிங் மூடை நம்பி ஒருவர் குடும்பம் நடத்த வேண்டும் என்பது என்ன ஏற்பாடு?

நம்மூரில் 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்களில் விருந்தினர்களின் டிரைவர்களுக்கும் படுக்க இடம், கழிப்பறை வசதி இருக்க வேண்டும் என்றது. விதி வந்தால் மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் டிரைவரும் இரவில் தூங்குவார் என்று ஒரு அரசாங்கத்துக்காவது தோன்றியதே! புக் செய்கிற நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

அடுத்த முறை யாராவது தனி கார் எடுத்து டூர் கிளம்பினால் தயவுசெய்து நான்கு கேள்வி கேளுங்கள். டிரைவருக்கு ஒரு நாள் பேட்டா எவ்வளவு, அது இந்த விலையில் இருக்கிறதா? ராத்திரி அவர் எங்கே படுப்பார்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவார்? நாங்கள் கேட்காமல் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது, அதற்கு எவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும்? பதிலை எழுதி வாங்குங்கள். விலை ஏறும். ஏறட்டும். அதுதான் அந்த டூரின் உண்மையான விலை. அது கட்டுப்படியாகவில்லை என்றால் ரயிலில் போகலாம். டெல்லி, ஆக்ரா, சவாய் மாதோபூர், ஜெய்ப்பூர் எல்லா ஊருக்கும் ரயில் இருக்கிறது.

அந்த டிரைவரின் நம்பர் என்னிடம் இருந்தது. ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து போன் செய்து, சித்தப்பா பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கோயி பாத் நஹி" என்று சிரித்தார். அப்புறம், உங்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் என் நம்பரைக் கொடுங்கள் என்றார். கொடுக்கிறேன் என்றேன். இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. நான்கு கேள்வியையும் கேட்கத் தயாராக இருப்பவர் கேட்டால் தருவேன்.

டிஸ்கி: சித்தப்பா இதைப் படிப்பார். படிக்கட்டும். அடுத்த தீபாவளிக்கு எனக்கு டிரெஸ் கிடையாது என்பது மட்டும் உறுதி :-)