குதிரை வென்றது, கூட்டம் தோற்றது!

மாட்டு வண்டிப் பந்தயம் நடந்த மறுநாள் காலையில், வராக நதி பாயும் ஜெயமங்கலத்துத் தேநீர்க் கடை ஒன்றில் சற்றே அமர்ந்து பாருங்கள். பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான், கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தேனி வட்டாரத்தில் ஒரே நாளில் பிரிவுக்குப் பிரிவு வண்டிகள் பறக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு அந்தக் கடையில் வழங்கப்படும். "வலத்து மாடு திரும்பும்போதே தளர்ந்துவிட்டது" என்பார் ஒருவர். "மாட்டின்மீது பழி போடாதீர்கள் அண்ணே, சாரதிதான் அவசரப்பட்டான்" என்பார் மற்றொருவர். கல்லூரி வாயிலை மிதித்தறியாத உழவர், காளையின் மூச்சையும் நடையையும் அளந்து பேசுவார். அந்தக் கணிப்புத் தவறினால் அவர் இழப்பது என்ன? நண்பர்களுக்கு வாங்கித் தரும் தேநீரின் விலை. அவர்கள் செய்யும் கேலி. அவ்வளவே!

இதே அறிவு கிண்டிக்குச் சென்றபோது என்ன ஆயிற்று என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

1777 முதலே கிண்டியில் குதிரைகள் ஓடின. 1896-ல் சென்னைப் பந்தயக் கழகம் அமைந்தது. பெரும் பந்தய நாள்களில் அங்கே திரண்ட கூட்டத்தில் சீமான்கள் மட்டுமா இருந்தனர்? எழுத்தரும் இருந்தார், தொழிலாளியும் இருந்தார். கையில் பந்தயப் புத்தகம், காதில் பென்சில். எந்தக் குதிரை எந்தக் குதிரைக்குப் பிறந்தது, ஈரத் தரையில் எது ஓடும், எந்த ஜாக்கி கடைசி நூறு கஜத்தில் கைவிடமாட்டான் என்று விரல்நுனியில் விவரம் வைத்திருந்தனர். அவர்களை அறிவிலிகள் என்று நாம் ஏசமாட்டோம். அறிவு இருந்தது; அந்த அறிவுக்குத்தான் அங்கே விலை வைக்கப்பட்டது!

அந்த வாணிபத்தின் கணக்கைக் கேளுங்கள். எல்லோரும் கட்டும் பணம் ஒன்றாகச் சேரும். வரியும் கழிவும் முதலில் எடுக்கப்படும். மீதியே வென்றவர்களுக்குப் பங்கிடப்படும். நூற்றுக்கு இருபது பிடிக்கப்படுவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கூட்டம் கட்டிய 100 ரூபாய் முதற் பந்தயத்தில் 80 ஆகும். அதையே திரும்பக் கட்டினால் இரண்டாவதில் 64, மூன்றாவதில் 51. ஐந்தாம் பந்தயம் முடியும்போது 33 ரூபாய்கூட மிஞ்சாது! ஒருவர் வெல்லலாம், ஒன்பது பேர் தோற்கலாம். ஆனால் கூட்டம் என்ற முறையில் கூட்டம் ஒருநாளும் வெல்வதில்லை. ஒரே நாளில் பந்தயங்கள் பெருகினால் ரசிகனுக்குக் கொண்டாட்டம் என்கிறார்கள். பெருகுவது கொண்டாட்டமா, கழிவா?

இதை உணர்ந்தே 1974-ல் கலைஞர் தலைமையிலான அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு பந்தயக் கழகத்தையே அரசுடைமையாக்கச் சட்டம் செய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது, சூதாட்டமன்று என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. கழகம் தப்பியது.

திறமை! மறுக்கவில்லை. வளர்த்தவனுக்குத் திறமை உண்டு, பழக்கியவனுக்கு உண்டு, ஏறி ஓட்டியவனுக்கு உண்டு. கூர்ந்து கணித்த ரசிகனுக்கும் உண்டு. ஆனால் அரிசிக்கு வைத்த பணத்தை அவன் கட்டிவிட்டு வரும்போது, வீட்டில் காத்திருக்கும் மனைவியிடம் எந்தத் திறமையைக் காட்டுவான்? கணிப்பது திறமையாக இருக்கலாம். தோற்றால் பட்டினி என்பதும் திறமையா?

அந்தச் சொல் கிண்டியோடு நின்றதா? இல்லை, தோழர்களே! 2021-ல் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தபோது அதே 'திறமை' வாதமே முன்னின்றது. 2023-ல் புதிய சட்டத்தை ஆராய்ந்தபோதும் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றது நீதிமன்றம். திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றியது. எத்தனை குடும்பங்கள் எரிந்தபின் வந்த தண்ணீர் அது!

கிண்டியில் 160 ஏக்கர் நிலம், 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா! 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அந்தக் குத்தகையை ரத்துச் செய்து வாயிலுக்கு முத்திரையிட்டது. வாயிலுக்கு முத்திரையிடலாம், கைப்பேசிக்கு யார் முத்திரையிடுவது?

அங்கேதான் நம் பணி இருக்கிறது. சட்டம் கதவைச் சாத்தும். ஆசை சன்னலைத் தேடும். ஆகவே, ஜெயமங்கலத்துக் கடைப் பலகையில் அமரும் தோழர், பந்தயப் பேச்சை வெறுத்து எழுந்து வந்துவிட வேண்டாம். அவரும் பேசட்டும். காளையைப் புகழட்டும், சாரதியைக் குறை கூறட்டும். பக்கத்தில் இருக்கும் இளைஞன் "எவ்வளவு கட்டுகிறாய்?" என்று கேட்கும் அந்த நொடியில், ஒரு துண்டுத் தாளை எடுத்து, 100, 80, 64, 51 என்று எழுதிக் காட்டட்டும்.

கருத்துச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அந்தக் கருத்துக்கு அவன் தாய் உலை வைக்கும் அரிசி விலையாக வேண்டாம்!