கண்ணீருக்குத் தணிக்கை வேண்டாம்

அமெரிக்கக் கிறிஸ்தவ இசைத் துறையின் பெரிய கௌரவம் டவ் விருது. 2019 அக்டோபரில் அந்த விருதைப் பெற்ற நற்செய்தி இசைக் கலைஞர் கிர்க் பிராங்க்ளின், நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு மரணத்தைப் பற்றிப் பேசினார். சில நாட்களுக்கு முன்புதான் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில், தன் வீட்டுக்குள் இருந்த கறுப்பின இளம்பெண் ஒருவரைக் காவலர் சன்னல் வழியே சுட்டுக் கொன்றிருந்தார். பிராங்க்ளினுக்கு அது சொந்த ஊர். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்காகவும் சுட்ட காவலரின் குடும்பத்துக்காகவும் சேர்த்தே ஜெபிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். விழா தொலைக்காட்சியில் வந்தபோது அந்தப் பகுதியைக் காணவில்லை. 2016இலும் இதே விழாவில், காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி அவர் பேசியது இப்படித்தான் வெட்டப்பட்டது. இதைச் சரிசெய்ய உருப்படியான திட்டம் வரும்வரை இந்த விழாவுக்கும் அதை ஒளிபரப்பும் தொலைக்காட்சிக்கும் வரப்போவதில்லை என்று அவர் அறிவித்தார்.

ஏதோ ஓர் எடிட்டர் கைதவறிச் செய்த வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கிறிஸ்தவ பாப், ராக் ஆல்பங்களின் வரிகளுக்கும் இசைக்கும் பல பத்தாண்டுகளாக இதே கத்தரிதான் காத்திருக்கிறது. அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலி நிலையங்கள் தங்கள் பாடல்கள் குடும்பம் முழுவதற்கும் பாதுகாப்பானவை, ஊக்கம் தருபவை என்று சொல்லியே நேயர்களை அழைக்கின்றன. யாரையும் உறுத்தாத பாடலே பக்திப் பாடல் என்ற அளவுகோல் அங்கிருந்து இசை நிறுவனத்துக்கும், அங்கிருந்து பாட்டெழுதுபவரின் மேசைக்கும் போய்ச் சேர்கிறது. இந்த அளவுகோலைக் கைவிட வேண்டும் என்பதே நம் நிலை. துயரம், கோபம், ஐயம், நீதி கேட்கும் குரல் இவற்றுக்கெல்லாம் இடமில்லாத ஆல்பம், எவ்வளவு நேர்த்தியாக ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தாலும், தான் பாடுகிற விசுவாசத்துக்கே குறை வைக்கிறது.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1969இல் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட லாரி நார்மனின் ‘அபான் திஸ் ராக்’ தொகுப்பைத்தான் பலரும் முதல் கிறிஸ்தவ ராக் ஆல்பம் என்பார்கள். அவருடைய முழு வீச்சும் 1972இல் வந்த ‘ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்’ தொகுப்பில் தெரிந்தது. லண்டனில் பதிவான அந்த ஆல்பத்தில் வியட்நாம் போர் இருந்தது. போதைப் பழக்கமும் பால்வினை நோயும் இருந்தன. நிலவுக்கு ராக்கெட் விடப் பணம் இருக்கும் நாட்டில் பசித்தவனுக்குச் சோறு இல்லாத நிலை இருந்தது. உணவு வேளைதோறும் ஜெபம் சொல்லும் வெள்ளையர் கறுப்பினத்தவருக்குச் செய்த கொடுமை இருந்தது. இவற்றின் நடுவே கிறிஸ்துவும் இருந்தார், ஒட்டவைத்த பெயராக இல்லாமல். இந்தத் தொகுப்பைப் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கப்பட வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாகச் சேர்த்தது. வெளிவந்த காலத்தில் பல கிறிஸ்தவக் கடைகள் நார்மனைத் தள்ளியே வைத்திருந்தன.

ராக் இசையே சாத்தானின் கருவி என்று பிரசங்கித்தவர்கள் அன்று ஏராளம். தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட் இதற்கென்று தனிப் புத்தகமே எழுதினார். அந்தச் சண்டையில் ராக் வென்றது. டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆலய மேடைக்கே வந்துவிட்டன. ஆனால், தாளத்தை உள்ளே விட்டவர்கள் அந்தத் தாளம் கொண்டுவந்த கேள்விகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஓர் அட்டவணை தொங்கும். இடப்பக்கம் உலகப் புகழ்பெற்ற ராக், பாப் குழுக்களின் பெயர்கள். வலப்பக்கம் அதே சாயலில் பாடும் கிறிஸ்தவக் குழுக்களின் பெயர்கள். அந்தக் குழு பிடிக்கும் பிள்ளைக்கு இந்தக் குழுவின் கேசட்டை வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும் வழிகாட்டி அது. பிள்ளை கெட்டுப்போகக் கூடாது என்ற பெற்றோரின் கவலையை நாம் மதிக்கிறோம். அந்த அட்டவணை கலைஞனுக்குச் செய்ததை மதிக்க முடியாது. இன்னொருவரைப் போல ஒலிப்பதே அவனுடைய தகுதியாயிற்று; வெளியுலகில் ஒரு பாணி புகழ்பெற்ற பின்பு அதன் கிறிஸ்தவப் பதிப்பைத் தயாரிப்பதே அவனுடைய வேலையாயிற்று.

வரிகளின் கதை இதைவிடக் கசப்பானது. கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் 1991இல் ‘ஹார்ட் இன் மோஷன்’ வெளியிட்டபோது, பிறந்த தன் மகளை நினைத்து எழுதிய ஒரு துள்ளலான பாடல் அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. கிறிஸ்தவ இசையை விட்டுப் போய்விட்டார் என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது. 1997இல் அவர் ‘பிஹைண்ட் தி ஐஸ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். இழப்பையும் மனக்கசப்பையும் தாங்கிக்கொண்டு நடக்கும் ஒரு பெண்ணின் பாடல்கள் அதில் இருந்தன. ஆண்டவர் பெயர் வெளிப்படையாக இல்லை என்பதால் இதைக் கிறிஸ்தவ ஆல்பம் என்று சொல்லலாமா என்ற விவாதம் கிளம்பியது. எந்த வகை வரி இருந்தால் ஒரு பாடல் நற்செய்திப் பாடல் ஆகும் என்று டவ் விருது அமைப்பு தொண்ணூறுகளின் இறுதியில் இலக்கணமே வகுத்தது. அந்தக் கணக்கின்படி பார்த்தால், கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராத எஸ்தர் புத்தகத்துக்கு வேதாகமத்தில் இடம் கிடைத்திருக்காது.

வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். சங்கீதங்கள் 150. அவற்றில் வேறெந்த வகையையும்விட முறையீட்டுப் பாடல்களே அதிகம். எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரையே நிறுத்திக் கேட்கும் பாடல்கள் அவை. 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரி வரைக்கும் விடியல் கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. எருசலேம் விழுந்த பிறகு எழுந்த ஒப்பாரிக்குப் புலம்பல் என்று தனிப் புத்தகமே உண்டு. சிலுவையில் தொங்கியவரும் ஒரு முறையீட்டுச் சங்கீதத்தின் முதல் அடியைச் சொல்லித்தானே கதறினார்! இந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு, மகிழ்ச்சி மட்டுமே பக்தி என்று பாடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தக் கட்டுக்குள் அடங்காதவர்களும் அந்தத் துறைக்குள்ளேயே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கீத் கிரீன் 1980இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு விலையே வைக்கவில்லை. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்றார். இரண்டு ஆண்டுகளில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 28. ரிச் மல்லின்ஸ் தன் பாடல்களின் வருமானத்தைச் சபைப் பெரியவர்கள் கையில் ஒப்படைத்தார். ஒரு சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளம் மட்டும் எனக்குப் போதும், மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றார். கடைசி ஆண்டுகளில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்துக்குக் குடிபோய்ப் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தார். 1997இல் சாலை விபத்தில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, கைவிடப்பட்ட ஒரு பழைய ஆலயத்தில் சாதாரண டேப் ரெக்கார்டரை வைத்துத் தன் புதிய பாடல்களைப் பதிவு செய்தார். மறு ஆண்டு ‘தி ஜீசஸ் ரெக்கார்ட்’ தொகுப்பில் அந்தப் பதிவு அப்படியே வெளிவந்தது. இரைச்சலும் கரகரப்பும் கலந்த அந்த ஒலி, பெரும் செலவில் மெருகேற்றிய எத்தனையோ ஆல்பங்களைவிட நம்மை அருகில் இழுக்கிறது. தன் குறையை மறைக்காத மனிதனின் குரல் அதில் இருக்கிறது.

இன்றைய நிலை வேறு. 2010க்கும் 2020க்கும் இடையே அமெரிக்க ஆலயங்களில் மிக அதிகமாகப் பாடப்பட்ட புதிய ஆராதனைப் பாடல்களை ஆய்வாளர்கள் சிலர் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாமே சிட்னியின் ஹில்சாங், கலிபோர்னியாவின் பெத்தேல், வட கரோலினாவின் எலிவேஷன், அட்லாண்டாவின் பேஷன் என்ற நான்கு பெருங்கூட்டங்களோடு தொடர்புடையவை. உலகின் பல மூலைகளில் ஞாயிறு காலையில் என்ன பாடுவது என்பதை நான்கு மேடைகள் தீர்மானிக்கின்றன. அந்த மேடைகளில் திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. அவர்கள் பாடல்களால் நோய்ப்படுக்கையில் ஆறுதல் பெற்றவர்கள் ஏராளம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பாடும்படி மெட்டமைப்பது எளிய வித்தையும் இல்லை. ஆனால், பெரிய அரங்குக்காகச் செய்த பாடலில் குறிப்பிட்ட ஊர் இருக்காது, குறிப்பிட்ட காயம் இருக்காது, குறிப்பிட்ட ஆள் இருக்க மாட்டார். புயலும் ஆழ்கடலும் வெறும் உருவகங்களாகவே வந்து போகும்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் புயல் உருவகம் இல்லை. தமிழ்ச் சபைகளின் இன்றைய ஆல்பங்களைப் பற்றிப் பேச வேண்டியது இங்கேதான். ஹில்சாங் பாணி இப்போது நம் ஆலய மேடைகளின் பாணியும்கூட. கீபோர்டில் நீண்டு நிற்கும் ஒரு சுரப்படுகை, எதிரொலி ஏற்றிய கிட்டார், மெதுவாகத் தொடங்கி டிரம்ஸ் சேர்ந்ததும் ஒரே வரியை ஏற்றிக்கொண்டே போகும் உச்சம் என எல்லாம் அப்படியே இருக்கின்றன. தமிழின் குறில் நெடில் அந்த மெட்டில் நசுங்குவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வருடம் பிறந்ததும் சபைகள் வாக்குத்தத்தப் பாடல்களை வெளியிடுகின்றன. உயர்வு, பெருக்கம், வெற்றி, எதிரிகளின் முன் தலைநிமிர்வு என்ற வட்டத்தைத் தாண்டி அவை பெரும்பாலும் போவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் உண்டு. பலவும் கிறிஸ்தவ வீடுகள். உடல்கூடக் கிடைக்காத கணவனுக்காகக் காத்திருந்த பெண் ஆலயத்துக்குள் வந்து உட்காரும்போது, அவள் வாயில் வைக்க நம் புதிய ஆல்பங்களில் என்ன பாட்டு இருக்கிறது?

இல்லாத ஒன்றைக் கேட்பதாகவும் யாரும் சொல்ல முடியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் காலத்து மேடையில் கொடிகட்டிப் பறந்த குறவஞ்சியையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஐரோப்பிய மிஷனரியிடம் வளர்ந்தவர் ஐரோப்பிய மெட்டோடு நின்றுவிடவில்லை. இலங்கையில் 18ஆம் நூற்றாண்டில் உழைத்த ஜாகோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒப்பாரிச் சாயலில் ஓதிக் கண்ணீர் விடுவது ஈழத்துக் கத்தோலிக்கக் கிராமங்களின் வழக்கம். நம் காலத்துக்கு மிக அருகில், ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். தலித் மக்களின் கிராமிய மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதை இறைவிருந்தின் அடையாளமாகப் பாடினார். கிராமத்து மக்கள் பாட்டை மாற்றிப் பாடினால் மாற்றட்டும், அப்படித்தான் பாட்டு அவர்களுடையதாகும் என்பது அவர் கொள்கை. சாதி உள்ளே நுழைந்துவிட்ட ஆலயங்களில் சாதியைக் கேள்வி கேட்ட பாடல்கள் அவை. இன்றைய ஆராதனைக் குழுக்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

துக்கப் பாட்டை யார் கேட்பார்கள், வாரமெல்லாம் வேதனைப்பட்டு வருகிறவர்களுக்கு ஆலயத்திலாவது ஆறுதல் வேண்டாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மனசாட்சியோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆனால், தன் துயரத்தைச் சொல்ல இடமில்லாத ஆறுதல் யாருக்கும் ஆறுதலாக இருந்ததில்லை. சுற்றிலும் எல்லோரும் கைதூக்கி ஆர்ப்பரிக்கும்போது அழத் தோன்றுகிறவர், தன் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டு வெளியேறுகிறார். பருத்திக் காட்டில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைப் பாடியே தாங்கினார்கள்; அமெரிக்காவின் நற்செய்தி இசையும் ராக் இசையும் அந்த மண்ணிலிருந்து முளைத்தவை. ஆகவேதான் பிராங்க்ளினின் ஜெபத்தை வெட்டியது அவ்வளவு பெரிய அநீதி.

விருது அமைப்புகளும் கிறிஸ்தவ ஒளிபரப்புகளும் மேடையில் பேசப்படும் ஜெபத்தை வெட்டுவதை நிறுத்த வேண்டும். இசை நிறுவனங்கள் ஆண்டவர் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதை விட வேண்டும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள சபைகளுக்கு நாம் வைக்கும் கோரிக்கை இன்னும் குறிப்பானது. அடுத்த லெந்து காலத்துக்கு ஒவ்வொரு சபையும் தன் ஊரில் ஒருவரைக் கொண்டு, தன் ஊரின் இழப்பைப் பற்றி, தன் ஊர் மெட்டில் ஒரு பாடலாவது எழுதச் செய்யட்டும். கடலோரமானால் கடல், மலைத்தோட்டமானால் மலை, காணாமல் ஆக்கப்பட்டோரின் ஊரானால் அவர்கள் பெயர்கள். எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் ஊழியம் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பாமல் கூலி கொடுக்கட்டும். அப்பாவுவின் பாடல்களை நல்ல முறையில் மீண்டும் பதிவு செய்து, எந்தக் கிராமத்து ஆலயமும் கட்டணமின்றிப் பாடும்படி வெளியிடும் பொறுப்பை இறையியல் கல்லூரிகளும் திருமண்டலங்களும் சேர்ந்து ஏற்கட்டும்.