எங்கள் ஊர் பொம்பா கொட்டகை: பழுது பார்ப்பதா, புதிதாய்க் கட்டுவதா?

எங்கள் ஊரில் சைரன் ஊதினால் பீசாங் கோரெங் கடைக்காரர் முதலில் தம் அடுப்பை அணைப்பார். பிறகு கரண்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓடுவார். மோட்டார் பட்டறையிலிருந்து ஒருவர், முடிதிருத்தும் கடையிலிருந்து ஒருவர், சீனர் மளிகைக் கடையிலிருந்து அப்பனும் மகனும். என் அப்பா டயர் கடையிலிருந்து வருவார். மூன்று நான்கு நிமிடங்களில் வண்டி சாலைக்கு வந்துவிடும்.

இவர்கள் யாரும் சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்பு வீரர்கள் அல்லர். பொம்பா சுக்கரேலா என்று நாம் சொல்லும் தன்னார்வத் தீயணைப்புப் படையினர். அரசாங்க நிலையம் அடுத்த பட்டணத்தில், 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தீயணைப்பு மீட்புத் துறையின் மேற்பார்வையில் இயங்கும் இத்தகைய படைகள் நம் நாட்டின் சிறு பட்டணங்களிலும் புதுக்கிராமங்களிலும் நிறையவே உண்டு. இதை ஏதோ பட்டிக்காட்டு ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். சிலாங்கூரின் தீயணைப்புப் படையே 1883இல் கோலாலம்பூரில் தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கியதுதான். தீயணைப்பு கூட்டரசின் பொறுப்புக்கு வந்ததோ 1976இல்.

இப்போது எங்கள் ஊரில் நடக்கும் வாக்குவாதம், அந்த வண்டி நிற்கும் கொட்டகையைப் பற்றியது. பலகைச் சுவர், தகரக் கூரை. முன்பக்கம் மட்டும் செங்கல்லால் கட்டிய ஓர் அறை. பழுது பார்த்தால் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். அவர்களே கல் சுமந்து கட்டியது, விட மனமில்லை. இடித்துவிட்டுப் புறவழிச் சாலையோரம் புதிதாய்க் கட்டலாம் என்கிறது மற்றொரு தரப்பு. அங்கே வீடமைப்பு நிறுவனம் ஒன்று நிலம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பலகை நாட்டிப் படம் எடுக்க அந்த இடம் அழகாகத்தான் இருக்கும்.

நான் கட்டட அளவாய்வு படிக்கிறேன். எதைப் பார்த்தாலும் அளக்கும் வியாதி வந்துவிட்டது. சென்ற விடுமுறையில் அளவு நாடாவோடு கொட்டகைக்குப் போனேன். வாசலின் உயரம் 2.9 மீட்டர். படை வாங்க நினைக்கும் பழைய ஜப்பானிய வண்டி அதில் நுழையாது. தரை, சிறிய வண்டிக்காகப் போட்ட சிமெண்டு. 2000 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீரின் எடை மட்டுமே இரண்டு டன் அல்லவா? பின் சக்கரம் நிற்கும் இடத்தில் இப்போதே விரிசல் ஓடியிருக்கிறது. பலகைச் சுவரின் அடிக்கட்டையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிடிவரை இறங்கியது. கரையான். ஆனால், முன்பக்கச் செங்கல் அறையில் ஒரு குறையும் இல்லை. இன்னும் முப்பது ஆண்டுகள் நிற்கும்.

ஆகவே, சாயம் பூசித் தகரம் மாற்றும் பழுதுபார்ப்பு வீண் செலவு என்பதே என் கருத்து. பெரியவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் 1909இல் கட்டிய தீயணைப்பு நிலையத்தை 1998இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அங்கிருந்து இன்றும் வண்டிகள் புறப்படுகின்றன. பழையது என்பதற்காக இடிக்கத் தேவையில்லை என்பதற்கு அது நல்ல சான்றுதான். ஆனால் அது உறுதியான செங்கல் கட்டடம். எங்களுடையது கரையான் தின்ற பலகை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சரி, அப்படியானால் புறவழிச் சாலைக்குப் போய்விடலாமா? கூடாது. நான் இவ்வளவும் எழுதுவது இதைச் சொல்லத்தான்.

சம்பளம் வாங்கும் வீரர்கள் நிலையத்திலேயே இருப்பார்கள். தன்னார்வலர்கள் கடையிலும் வீட்டிலும் இருப்பார்கள். புதிய நிலம் பட்டணத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் போக ஆறு நிமிடம். வண்டியை எடுத்துக்கொண்டு தீப்பிடித்த பட்டணத்துக்கே திரும்பி வர இன்னும் ஐந்து நிமிடம். அமெரிக்காவின் யு.எல். நிறுவனம் இரண்டு அறைகளுக்குத் தீ வைத்துச் சோதித்துப் பார்த்தது. பழைய வகை மேசை நாற்காலிகள் இருந்த அறை முழுதாய்ப் பற்றிக்கொள்ள 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. நுரைமெத்தையும் செயற்கைத் துணியும் நிறைந்த இன்றைய அறைக்கு நான்கு நிமிடங்கூட ஆகவில்லை. அப்படிப் பார்த்தால், கொட்டகை இப்போது இருக்கும் இடத்திலிருந்து போனாலும் எரிகிற அறையைக் காப்பாற்றுவது கடினம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், பக்கத்து வீட்டைக் காப்பாற்றலாம்.

2014இல் நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் தோட்டத்து லயத்தில் தீப்பிடித்தது. ஆறு வீடுகளுக்கும் ஒரே கூரை. முதல் இரண்டு வீடுகள் போய்விட்டன. மூன்றாவது வீட்டின் சுவரில் இவர்கள் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். தீ அங்கேயே நின்றது. அரசாங்க வண்டி வந்தபோது புகை மட்டுந்தான் மிச்சம். ஐந்தாவது வீடு எங்களுடையது. பதினோரு நிமிடம் என்று இப்போது கணக்குப் போடும்போதெல்லாம் அந்தக் கூரைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் உண்டு. கூட்டத்தில் இதை யாரும் பேசவில்லை.

எஸ்.பி.எம். எழுதி முடித்ததும் படையில் சேரப் போனேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாதான் தயங்கினார். "உடை மாத்த எங்கம்மா இடம்?" என்றார். கொட்டகையின் பின்னால் ஒரு கழிவறை. அதன் கதவு சாத்தாது. ஆண்கள் வண்டியின் மறுபக்கம் நின்று மாற்றிக்கொள்கிறார்கள். நான் சேரவில்லை. என்னோடு வந்த இரண்டு தோழிகளும் சேரவில்லை. இன்று படையில் பதினெட்டுப் பேர். இந்தியர் மூவர், மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நம் இளைஞர்களுக்குச் சமுதாய உணர்வு இல்லை என்று மேடையில் பேசுவது எளிது. நம் விழாக்களிலும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை, குறை உணர்வில் அல்ல, ஒரு கதவில் இருந்தது.

புகை பட்ட உடைகளும் அதே கொட்டகையில், வண்டிக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் வகையில் சேர்த்தது. கரியும் நச்சுத்தூளும் படிந்த அந்த உடையோடுதான் சிலர் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்குகிறார்கள். உடைகளைக் கழுவவும் காற்றோட்டமாகத் தொங்கவிடவும் தனி அறை வேண்டும். இது ஆடம்பரம் அல்ல.

ஆக, என் யோசனை இரண்டு தரப்புக்கும் பிடிக்காது. அதே நிலத்தில் பலகைக் கொட்டகையை மட்டும் இடித்துவிட்டு, நான்கு மீட்டர் வாசலும் கனமான கான்கிரீட் தரையும் கொண்ட வண்டிக்கூடம் கட்ட வேண்டும். பின்னால் இப்போது காய்கறிப் பாத்தி போட்டிருக்கும் இடத்தில் உடை அறையும், சாத்தக்கூடிய கதவுள்ள இரண்டு கழிவறைகளும் அமையலாம். முன்பக்கச் செங்கல் அறையைத் தொட வேண்டாம். அந்தச் சுவரில்தான் இறந்துபோன உறுப்பினர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. புறவழிச் சாலை நிலத்துக்கு நன்றி சொல்லி, அதற்குப் பதில் சிமெண்டாகவும் கம்பியாகவும் தர முடியுமா என்று அந்த நிறுவனத்தைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமென்ன?

என் திட்டத்திலும் ஓர் ஓட்டை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய இடத்திலேயே கட்டினால், வேலை முடியும் வரை வண்டி எங்கே நிற்கும்? வெயிலில் விட்டால் குழாய்கள் கெட்டுவிடும், தள்ளி நிறுத்தினால் நேரம் போகும். கடைத்தெருவின் கோடியில் நம் கோயில் மண்டபம் இருக்கிறது. வாசலை அளந்துவிட்டேன், வண்டி தாராளமாய் நுழையும். ஆனால் பங்குனி உத்திரத்துக்குப் பந்தல் போட வேண்டுமே என்று நிர்வாகத்தினர் யோசிக்கிறார்கள். அந்த மூன்று நாளைக்கு மட்டும் தமிழ்ப்பள்ளித் திடலில் நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதி, வரைபடத்தோடு அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.