'உண்ணிக் காய்ச்சல்' என்னும் பெயர்

நோய்க்குப் பெயரிடுதல் வைத்தியர்க்குரியதேயன்றித் தமிழ் மாணாக்கர்க்குரியதன்று என்பாருளர். ஆயினும், ஆதாம் முதன்முதற் செய்த தொழில்களுள் ஒன்று பேரிடுதலே என்று ஆதியாகமத்தில் படித்திருக்கும் யாம், 'உண்ணிக் காய்ச்சல்' என்று இந்நாளில் வழங்கும் பெயர் பொருந்தாததென்றும், தீங்கு பயப்பதென்றும் துணிந்து கூறுகின்றோம்.

உண்ணி என்றவுடன் வில்லியனூரிலும் பாகூரிலுமுள்ள உழவர் நினைப்பது மாட்டின் காதிலும் மடியிலும் இரத்தங் குடித்துப் பருத்துத் தொங்கும் பூச்சியையே. மாடில்லாதார் இந்நோய் தமக்கு வாராதென்றிருப்பர். மாடுடையார் உண்ணியைப் பிடுங்கியெறிந்து அச்சந் தீர்வர். இருவருந் தவறினவரே. அமெரிக்காவில் லைம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நோய் மெய்யாகவே உண்ணியால் வருவது. நம் நாட்டு ஸ்க்ரப் டைபஸ் அத்தகையதன்று. அதன் கிருமியைச் சுமப்பது உண்ணிக்கு உறவாகிய வேறொரு சிற்றுயிரின் குஞ்சு. அஃது ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்களவே உள்ளது. தேடினும் கண்ணுக்கு அகப்படுவதரிது. எலி, மூஞ்சூறு முதலியவற்றின் காதில் ஒட்டி உண்பது. கிருமியைத் தன் தாயினிடமிருந்தே பெறுவது. ஜப்பானியர் இதனைச் 'சுட்சுகாமுஷி' எனத் தனிப்பெயரிட்டு அழைத்தனர். நாமோ மாட்டுண்ணியின் பெயரை இரவல் வாங்கினோம்!

பாகூர் ஏரியைச் சூழ்ந்த வயல்களின் வரப்பில் புல்லறுப்போரும், விறகு பொறுக்குவோரும், புதர்மறைவில் காலைக்கடன் கழிப்போரும் இதற்கு இலக்காவர். உழவரல்லாதார்க்கும் விலக்கில்லை. நகரை அடுத்த ஊர்களில் மனைகளாகப் பிரித்து வீடெழுப்பாது விட்ட நிலங்களில் புதர் மண்டுகின்றது. புதரிருப்பின் எலியும் வரும். மழைக்குப் பின்வருங் குளிர்மாதங்களிலேயே புதுவையில் இந்நோய் மிகுதல் கண்டுள்ளனர்.

கடித்த இடம் நோவதில்லை. பத்துப் பன்னிரண்டு நாட் கழித்துக் காய்ச்சலும் தலைநோவும் எழும். பலர்க்குக் கடிவாயில், சுருட்டு நெருப்பாற் சுட்டாற்போன்ற கரிய பொருக்கு ஒன்று காணப்படும். அஃது அக்குளிலோ, தொடையிடுக்கிலோ, மார்பின்கீழோ மறைந்திருத்தலின் நம் பெண்டிர் நாணிச் சொல்லார், மருத்துவரும் கேளாதுவிடுதலுண்டு. உரிய காலத்தில் டாக்ஸிசைக்கிளின் என்னும் மலிவான மாத்திரையை மருத்துவர் கொடுப்பின் பெரும்பாலும் இரண்டு நாளிற் காய்ச்சல் தணியும். காலந் தாழ்ப்பின் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை தாக்குண்டு உயிர்க்கே ஏதமாம். ஒரு பொருக்கைக் காட்டுதற்கும் காட்டாமைக்கும் இடையே நிற்பது ஓருயிர் என்றால் அது மிகையன்று.

ஆதலின் 'புதர்க் காய்ச்சல்' என வழங்குமாறு வேண்டுகின்றோம். அங்ஙனமாயின் வீட்டுப் புறக்கடையிலுள்ள எலிவளையை எவரும் அஞ்சாரே எனத் தோழரொருவர் மறுத்தார். அம்மறுப்பு நேரியதே. அதனினுஞ் சிறந்த பெயரை எவரேனும் கூறின் யாம் எம்முடையதை மகிழ்ந்து கைவிடுவோம். பெயர் எதுவாயினும், அடுத்த ஐப்பசிக்கு முன்னர், கம்யூன் பஞ்சாயத்துகளின் சுவர்களில் அக்கரிய பொருக்கின் படமும், அதனைப் பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனித்துக் காட்டலாம் என்னும் ஒரு வரியும் இடம்பெறல் வேண்டும்.