பாட்டியின் குரலும் நாடாவின் வேகமும்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் மாமி ஒருவர் பழைய கேசட்டு ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“இதிலே எங்கம்மா பாடியிருக்கா, அப்பா. நலங்குப் பாட்டு. தை மாசம் கல்யாணத்திலே பேத்தியைப் பாட வைக்கணும்னு ஆசை. ஆனா போட்டுக் கேட்டா பாதிக்கு மேலே அம்மா குரலாவே இல்லை. யாரோ சின்னப் பொண்ணு பாடற மாதிரி இருக்கு” என்றார்.

அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாமியின் தாயார் தம் மாமியாரிடம் வாய்மொழியாகக் கற்றது. 1986ஆம் ஆண்டில் வீட்டுக் கூடத்தில், பாட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரை வைத்து, சுருதிப்பெட்டி போட்டுக்கொண்டு பாடியிருக்கிறார். பாடியவர் இன்று இல்லை. பேத்தியோ ஏழாம் வகுப்பு. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறாள். தமிழ் அவளுக்குக் காதாலும் வாயாலும் மட்டுமே தெரிந்த மொழி. எழுதிக் கொடுத்தாலும் தட்டுத் தடுமாறித்தான் படிப்பாள். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்த நாடா ஒன்றுதான் அக்குழந்தைக்கு ஆசிரியர்.

குரல் ஏன் மாறிற்று? கேசட்டு நாடா விநாடிக்கு 4.76 செண்டிமீட்டர் வீதம் ஓட வேண்டும். பதிவு செய்கையில் பாட்டரி தளர்ந்தால் நாடாவும் தளர்ந்து ஓடும். பிற்பாடு நல்ல கருவியில் சரியான வேகத்தில் அதை ஓட்டும்போது, மெதுவாகப் பதிந்தது விரைவாக வெளிவரும். விரைவு கூடினால் சுருதியும் கூடும். அன்று பாட்டரி சிறிது சிறிதாக இறங்கியிருக்கிறது. ஆகவே பாட்டு ஆரம்பத்தில் சரியாகவும், போகப்போக உயர்ந்தும் கேட்கிறது. சுருதிப்பெட்டி இருந்தது நம் நல்வினை. அது நடுவில் தானே ஏறக்கூடிய பொருளன்று. தொடக்கத்தில் 5 கட்டையில் நின்ற அது, முடிவில் ஐந்தரைக் கட்டையில் ஒலித்தது. அரைக் கட்டை ஏறிற்று என்றால் வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு 6 கூடிவிட்டது என்று பொருள். இரட்டிப்பானால் ஒரு ஸ்தாயியே ஏறிவிடும்.

இந்தத் தொல்லை புதியதன்று. இந்தியாவில் கிராமபோன் இசைத்தட்டுக்கான பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கிற்று. அப்போதே பாடிப் பெரும் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். அவ்வம்மையாரை 1928இல் நம் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரண்மனை வித்துவாம்சினியாக அழைத்துக்கொண்டார். 1930 ஜனவரியில் இதே மைசூரில்தான் அவர் காலமானார். அந்நாளைய தட்டுகள் எல்லாம் நிமிடத்திற்கு 78 சுற்று என்ற கட்டுப்பாட்டுக்கு அடங்கியவை அல்ல. 72 சுற்றில் பதிந்த ஒரு தட்டை 78இல் சுழற்றினால், பாடகியின் சுருதி அரைக் கட்டைக்கு மேலும் உயர்ந்துவிடும். கேட்பவர், “என்ன கீச்சுக் குரல்!” என்று பாடகியைக் குறை கூறிவிட்டுப் போவார். குற்றம் சுழற்றுகிறவருடையது.

மாமியின் கேசட்டை நான் ஒரே முறை ஓட்டி, அந்த ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிக்கொண்டேன். பழைய நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தேய்ப்பது பாவம். அன்பர்கள் இதை மனத்தில் கொள்க. பிறகு ‘ஆடாசிட்டி’ என்னும் இலவச மென்பொருளில், வேகத்தையும் சுருதியையும் ஒருங்கே படிப்படியாக இறக்கினேன். ‘ஸ்லைடிங் ஸ்ட்ரெச்’ என்றொரு கட்டளை அதில் உண்டு. தொடக்கத்தில் எவ்வளவு மாற்றம், முடிவில் எவ்வளவு மாற்றம் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால், இடையில் வழுவழுவென்று சரிவாக இழைத்துக் கொடுக்கிறது. ஆனால் பாட்டரி அப்படி ஒரே சீராக இறங்கவில்லை. முதல் இரண்டு அடிகள் வரை நன்றாக இருந்து, பிறகு சட்டென்று சோர்ந்திருக்கிறது. ஆகவே பாட்டை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் முனையிலும் சுருதிப்பெட்டியை ஒத்துப் பார்த்துச் செய்ய வேண்டியதாயிற்று. மூன்று இரவுகள் பிடித்தன. நாலாம் நாள் கேட்ட மாமி ஒன்றும் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தரம் போடு” என்றார்.

குழந்தையின் தொல்லை வேறு. “மாமா, கொள்ளுப்பாட்டி ரொம்ப வேகமாப் பாடறா, எனக்கு வார்த்தையே புரியலை” என்றாள். நாடாவை மெதுவாக்கினால் சுருதி இறங்கும். பாதி வேகமாக்கினால் பாட்டியின் குரல் தாத்தாவின் குரலாகிவிடும். இங்கே வேண்டியது சுருதி நிலையாக நிற்க, காலம் மட்டும் இறங்குவது. நம் பாட்டு வாத்தியார்கள் வர்ணத்தை ஒரே சுருதியில் முதற்காலம், இரண்டாங்காலம் என்று பாடவைக்கிறார்கள் அல்லவா? மனிதத் தொண்டை எளிதாகச் செய்வதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க நெடுநாள் ஆயிற்று.

செய்யும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். ஒலியை விநாடியில் இருபதில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று சிறு துணுக்குகளாக வெட்டுகிறார்கள். துணுக்கு ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருக்கும், ஓலைக்கூரையில் கீற்றுகள் படிந்திருப்பது போல. படிவைக் குறைத்துப் பரப்பி வைத்தால் கூரை நீளும், கீற்று மாறாது. துணுக்குக்குள் இருக்கும் அதிர்வுகள் மாறாமையால் சுருதி மாறுவதில்லை. துணுக்குகளின் வரிசை நீள்வதால் பாட்டு நீள்கிறது. ஒட்டும் இடத்தில் அலையும் அலையும் பொருந்தாவிட்டால் கரகரப்பு எழும். பொருந்துமிடம் தேடி ஒட்டுவதில்தான் திறமை இருக்கிறது. பிற்காலத்தில் ஒளிப்பட முப்பரிமாண ஆராய்ச்சிக்காக 1971இல் நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் கேபர் 1940களிலேயே இவ்வழியில் முயன்றார். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபேர்பேங்க்ஸ் குழுவினர் சுழலும் தலைகள் கொண்ட டேப் கருவியால் பேச்சைச் சுருக்கியும் விரித்தும் காட்டினர். 1966இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் ஃபிளானகனும் கோல்டனும், ஒலியைப் பல அதிர்வெண்களாகப் பிரித்து மீண்டும் கூட்டும் வேறொரு வழியை வெளியிட்டனர். இன்று கைப்பேசியில் யூடியூப் பாட்டை முக்கால் வேகத்தில் வைத்தாலும் சுருதி கெடாமல் கேட்பதற்கு இவ்வகை உழைப்பே காரணம்.

எல்லாம் கைகூடிவிட்டதென்று எண்ண வேண்டாம். மிருதங்கச் சொல் போன்ற வெட்டொலிகளை நீட்டினால் ஒன்று இரண்டாகத் தெறிக்கும், அல்லது மழுங்கும். எங்கள் தெருவில் வீணை கற்பிக்கும் அம்மையார் இன்னொரு குறையும் சொன்னார். “மெதுவாப் பாடறவா கமகத்தை நெறைய வெச்சுப் பாடுவா, வேகமாப் பாடறச்சே குறைச்சுப்பா. உங்க மெஷின் வேகக் கமகத்தையே இழுத்து வெக்கறது. அது விளம்ப காலம் இல்லை.” முற்றிலும் உண்மை. மாமியும் மெதுவாக்கியதைக் கேட்டு, “அம்மா இப்படி இழுக்க மாட்டா” என்று முகம் சுளித்தார். ஆகையால் அதைப் பாட்டாகக் கேட்க வேண்டாம், சொல் பிடிப்பதற்கு மட்டும் என்று ஏற்பாடு. நான்கு நிமிடப் பாட்டை நூற்றுக்கு 70 வேகத்தில் வைத்தேன். ஐந்து நிமிடம் 43 விநாடி ஆயிற்று. அதிலிருந்து ஐந்தைந்தாக ஏற்றித் தனித்தனிப் பதிவுகள். ஒரே பதிவில் 70இல் தொடங்கி 100இல் முடியுமாறும் ஒன்று செய்து கொடுத்தேன். ரயில் நிலையத்தை விட்டு வண்டி புறப்படுவதுபோல் அது வேகம் எடுக்கும். குழந்தைக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

அந்த மெதுவான பதிவினால் ஒன்று வெளிப்பட்டது. மூன்றாம் அடியில் பாட்டி விரைந்து சொல்லும் இடத்தில் “அக்ரஹாரம்” என்ற வால் மட்டும் குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. நம் தெருவைத்தான் பாட்டி பாடுகிறாள் என்று எண்ணி, முன்னால் வாயில் வந்த ஏதோ ஒலியைச் சேர்த்து இத்தனை நாளும் பாடி வந்திருக்கிறாள். 70இல் கேட்டபோது “கணபதி” என்ற சொல் தெளிவாக விழுந்தது. “நூற்றொரு கணபதி கோயிலா, பாட்டி?” என்று கேட்டாள். மாமி சிரித்துவிட்டார். கணபதி அக்ரஹாரம் என்பது தஞ்சை மாவட்டத்தில் திருவையாற்றுக்கு அருகே காவிரிக்கரையிலுள்ள ஊர். அங்கே பிள்ளையார் சதுர்த்தியை வீட்டுக்கு வீடு கொண்டாடாமல் ஊரார் அனைவரும் கோயிலிலேயே கொண்டாடுவார்கள். மாமியின் தாயார் பிறந்த ஊர் அது. பேத்தி அதன் பெயரைக் கேட்டது அன்றுதான். இங்கே கிருஷ்ணராஜ சாகரத்தில் நாம் பார்க்கும் அதே காவிரிதான் அங்கும் ஓடுகிறது என்று மாமி சொல்ல, ரயிலில் போனால் எத்தனை மணி நேரம் என்று குழந்தை என்னிடம் திரும்பினாள்.

இதை எழுதும் நாளில் அவள் தொண்ணூறில் இருக்கிறாள். கணபதி அக்ரஹாரம் வருமிடத்தில் மட்டும் எண்பதுக்கு இறங்கிப் பாடுகிறாள். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.