நெஞ்சளவு தண்ணீர்தானே!

ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு நண்பர்கள் பதினைந்து பேர் ஆலப்புழைக்குக் கிளம்பினோம். ஒரு பகல் முழுக்க வேம்பநாட்டுக் காயலில் படகில் சுற்றுவது என்று திட்டம். அந்தப் பயணத்தின் அழகைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் வேறு ஒன்று மனதை உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அழகு. புன்னமடையைத் தாண்டியதும் காயல் விரிந்துவிடுகிறது. தண்ணீர் அசைகிறதா என்றே தெரியாது. அங்கங்கே ஆகாயத்தாமரை கூட்டமாக மிதக்கிறது. இரண்டு பக்கமும் வரப்பு, அதன் மேல் தென்னை, அதற்கு அந்தப் பக்கம் வயல். குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பவை. படகில் நின்று பார்த்தால் நாம் மேலே, நெல் கீழே! பாடப் புத்தகத்தில் படித்தபோது இது புரியவில்லை. நேரில் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் இந்த நெல்லை ஏற்றிப்போன கெட்டுவள்ளங்கள்தான், ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைக் கட்டிச் செய்தவை, பிறகு சுற்றுலாப் படகுகளாக மாறின.

இப்போது உறுத்தல். நாங்கள் பிடித்த படகில் பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி. நாங்கள் பதினைந்து. கூடுதல் மூன்று பேருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்கள். பேசி முடித்தவன் வேறு யாருமில்லை, நான்தான். 'காமர்ஸ்காரன், பேரம் நல்லா பேசுவான்' என்று முன்னால் தள்ளிவிட்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது!

லைஃப் ஜாக்கெட் எல்லாம் பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது. "போடணுமா சேட்டா?" என்று கேட்டேன். படகோட்டி சிரித்தார். "பேடிக்கண்ட மோனே, நெஞ்சளவு வெள்ளமே உள்ளூ." பயப்படாதே, நெஞ்சளவு தண்ணீர்தான் என்கிறார். ஃபோட்டோ நன்றாக வராது என்று எங்களுக்கும் அதைப் போட விருப்பமில்லை. விட்டுவிட்டோம்.

மதியம் ஒரு வாத்துக் கூட்டம் வந்தது. நூற்றுக்கணக்கில்! எல்லோரும் கேமராவோடு இடது பக்கம் ஓடினோம். படகு அப்படியே சாய்ந்தது. டீ கிளாஸ் வழுக்கிக்கொண்டு போய் விழுந்து உடைந்தது. சிரித்துக்கொண்டே இருந்த படகோட்டி முதல்முறையாகக் கத்தினார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

ராத்திரி அறைக்கு வந்து தேடிப் படித்தேன். இதே காயலில், 2002 ஜூலை 27 அன்று, முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்திருக்கிறார்கள். வேலைக்கான தேர்வு எழுதப் போன இளைஞர்களும் அதில் இருந்தார்கள். நம்ம ஊர்ப் பழவேற்காடு ஏரியும் ஆழம் குறைந்ததுதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய இரண்டடுக்குப் படகு கழிமுகத்தில் கவிழ்ந்தது. அங்கேயும் 22 பேர்.

ஆழமில்லாத தண்ணீரில் எப்படிச் சாகிறார்கள்? கவிழ்ந்த படகின் அடிப்பாகம் மூடி போல மேலே வந்துவிடுகிறது. உள்ளே இருப்பவனுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. கால் ஊன்றலாம் என்றால் அடியில் சேறு. நீச்சல் தெரியாதவன் பக்கத்தில் இருப்பவனைப் பிடித்துக்கொள்கிறான். நெஞ்சளவு என்ற கணக்கு நேராக நிற்பவனுக்கு மட்டும்தான்.

அளவுக்கு மேல் ஏன் ஏற்றுகிறார்கள் என்பது எங்கள் காஸ்டிங் பாடத்திலேயே இருக்கிறது. டீசல், கூலி எல்லாம் பன்னிரண்டு பேரிலேயே வந்துவிடுகிறது. பதின்மூன்றாவது ஆளுக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். அவன் கொடுக்கும் காசு அப்படியே லாபம். ஆபத்து மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே 'முதலாளி பேராசைக்காரன்' என்று திட்டிவிட்டுப் போவதில் பிரயோஜனமில்லை. ஏற்றுவதில் லாபம் இருக்கும்வரை ஏற்றத்தான் செய்வார்கள், ஏறத்தான் செய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனிலும் இதே கதைதான். பழைய கப்பல்களில் அளவுக்கு மேல் சரக்கு ஏற்றி அனுப்பினார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. விடாமல் போராடி, 1876ல் கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு போடச் சட்டம் வந்தது. கோடு தண்ணீருக்குள் போனால் சுமை அதிகம், அவ்வளவுதான். கரையில் நிற்கும் யாரும் பார்க்கலாம்.

நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை பேர் என்பதைப் படகின் வெளியே பெரிய எழுத்தில் எழுதட்டும். தலை எண்ணுவது நடுக்காயலில் வேண்டாம், படகுத்துறையிலேயே எண்ணட்டும். ஜாக்கெட்டை மாட்டிய பிறகுதான் படகில் கால் வைக்க விட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

சட்டம் வரும்வரை? அன்றைக்கு இரண்டு படகாகப் பிரிந்து போயிருந்தால் ஆளுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக ஆகியிருக்கும். அதை மிச்சப்படுத்தியதற்கு எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். ஊர் திரும்பிய பிறகும் அந்த டீ கிளாஸ் வழுக்கிக்கொண்டு போனதுதான் கண்ணில் நிற்கிறது. இனி எந்தப் பயணத்துக்கும் அந்த மாதிரிப் பேரம் பேசமாட்டேன். நீங்களும் பேசாதீர்கள் நண்பர்களே.